இருபத்திரண்டு இலை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வேதவதியைச் சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள்! கையில் விளக்கு, எதிரே கணவர் வீரராகவன். "மானேஜர் பேர் என்னன்னு சொன்னே?" என்று அவர் கேட்டதும், "இருதயநாதன்" என்று இவள் சொன்னதும், அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும், இன்றுதான் புதிதாக நம் கதைக்குள் நுழைகிறவர்களுக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்திரண்டாம் வருஷத்து மந்தம் ஊரையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்கும் வந்து சேர்ந்தது. வீரராகவன் இருபது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி, சித்திரை மாதத்தில் திருச்சிக் கிளையை இழுத்து மூடியது. அதன் பிறகு அவர் எழுதாத மனு இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியில் வேதவதியின் அண்ணா பராசரனுக்குத் திருவெள்ளறைக்கு ஒரு கடிதம் எழுதினார். வேதவதியையும், இவர்களோடு இருக்கும் தம் விதவைத் தமக்கை பூமாவையும், பெண் வைஜயந்தியையும் அங்கே கொண்டுவிடுவது, தாம் மட்டும் பம்பாய்ப் பக்கம் போய் வேலை தேடுவது என்று ஏற்பாடு. பராசரனும் வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகப் பதில் எழுதிவிட்டார்.

வைஜயந்தி ஸ்கூலில் கடைசி வகுப்பு. இன்னும் எட்டு மாதத்தில் பரீட்சை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. திருவெள்ளறைக்குப் போனால் அந்த ஆசையை அங்கே வயல் வரப்பில் விதைக்க வேண்டியதுதான்.

இந்தச் சமயத்தில்தான் வேதவதி யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அங்கே குமாஸ்தாக்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று ஜட்கா வண்டிக்காரர் அப்துல் சுக்கூர் சொன்னார். அவர் மூலமாகவே, "நாங்கள் போடுகிறோம்" என்று ஆள் சொல்லி அனுப்பினாள். "புதன்கிழமை ஒரு நாள் இருபத்திரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், பிடித்திருந்தால் மாதா மாதம்" என்று பதில் வந்தது. மாதா மாதம் இருபத்திரண்டு இலை என்றால் குடும்பம் பிரிய வேண்டாம். யாரும் பம்பாய்க்குப் போக வேண்டாம்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்த மானேஜர் இருதயநாதன், எட்டு வருஷத்துக்கு முன்னால் வீரராகவனுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஒரு கடிதத்தில் ஒரு தேதி தப்பிப் போனதற்காக, ஆபீஸ் முழுக்கப் பார்க்கும்படி அவரை ஒரு மணி நேரம் நாற்காலி மேல் நிற்க வைத்தார் நம் வீரராகவன். மறுநாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. இருதயநாதன் அதன் பிறகு அந்த ஆபீசுக்கு வரவேயில்லை.

இன்று புதன்கிழமை.

---

கிழக்கு வெளுப்பதற்குள் குளித்து, மடி உடுத்தி, வேதவதி இரண்டு அடுப்பையும் மூட்டிவிட்டாள். பரணிலிருந்து கல்யாண அண்டா இறங்கியிருந்தது. வைஜயந்தி பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே சரித்திரப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சக்கரவர்த்திக்கு ஒரு துண்டம் என்ற கணக்கில் காய் மளமளவென்று குறைந்தது.

பூமா அக்கா கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு சமையலறைப் பக்கம். காது மட்டும் இந்தப் பக்கம்.

"ஆடியிலே யாராவது புதுசா ஒரு காரியம் ஆரம்பிப்பாளோ?"

"ஆபீஸ்காராளுக்கு ஆடி மாசமும் மத்தியானம் பசிக்கும், அக்கா."

"பசிக்கட்டும். நம்மாத்துப் பொம்மனாட்டி சமைச்சுப் போட்டுத்தான் அவா பசி ஆறணுமா? எங்கப்பா காலத்துல இந்த ஆத்துல தினம் நாலு அதிதிக்கு இலை போட்டோம். ஒருத்தர்கிட்ட கை நீட்டினதில்லே. விக்கற சோத்துக்கு நான் கரண்டி பிடிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

'உங்களை யார் பிடிக்கச் சொன்னா?' என்று வாய் வரைக்கும் வந்தது வேதவதிக்கு. விழுங்கிக்கொண்டாள். இன்றைக்குச் சண்டை போட நேரமில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். தளிகை ஆனதும் அதைப் பெருமாளுக்குப் படைத்து அமுது செய்யப் பண்ணின பிறகுதான் ஒரு பருக்கையானாலும் வாயில் படலாம். கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் அங்கே நினைத்தும் பார்க்க முடியாத காரியம். உப்பும் காரமும் கைக்கணக்கு, மூக்குக்கணக்கு. வேதவதியின் கை இருபத்திரண்டு வருஷமாகத் தப்பினதில்லை. ஆனால் அதெல்லாம் நாலைந்து பேர் சாப்பிடுகிற குழம்பு. இன்றைக்கு அண்டா!

மனதுக்குள் இரண்டு தரம் கணக்குப் பார்த்துவிட்டு, பெருமாளை வேண்டிக்கொண்டு உப்பை அள்ளிப் போட்டாள். பிறகு வைஜயந்தியையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாழை இலைகளை அலம்பித் துடைத்தாள். திரும்பி வரும்போது குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வாசல் வரைக்கும் போயிருக்கும். பூமா அக்கா அதே தூணில் அதே மாதிரி சாய்ந்திருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு வீரராகவன் மணி அடித்து, எல்லாவற்றையும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினார். வைஜயந்தி ஸ்கூலுக்கு ஓடினாள். பெருமாளுக்கு ஆன பிறகாவது ஒரு வாய் ருசி பார்த்திருக்கலாம். ஆனால் சுக்கூரின் வண்டி கால் மணி முன்னதாகவே வாசலில் வந்து நின்றுவிட்டது. பாத்திரங்களை ஈரத்துணி சுற்றி ஏற்றுகிற அவசரத்தில் ருசி யாருக்கு ஞாபகம் வரும்?

கடைசியாக வீரராகவன் வந்தார். பஞ்சகச்சம், மூடின கழுத்துக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. ஆபீசுக்குப் போகிற அதே கோலம்.

வேதவதி ஏற இறங்கப் பார்த்தாள். "இதோடயா பரிமாறப் போறேள்?"

"பரிமாறணும்னு சொன்னே, பரிமாறறேன். கோட்டைக் கழட்டணும்னு சொன்னா என்னால ஆகாது வேதா. அவன் முன்னால ஆகாது."

அவளுக்குக் கோபம் வந்தது. உடனே பாவமாகவும் இருந்தது. வண்டியில் ஏறினாள். அவளும் வருகிறாள் என்பதைப் பார்த்த எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படக்கென்று திறந்தது. திறந்தபடியே இருந்தது.

---

காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. பாலத்தின் மேல் காற்று வண்டியையே தள்ளியது. செக்கச் சிவந்த புதுத் தண்ணீர், அதில் கிளைகளும் நுரையுமாக என்னென்னவோ மிதந்து போயின. உள்ளே கரி அடுப்பும், குடத்துத் தண்ணீரும், அண்டாவும், நடுவில் வேதவதி. மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, உங்களை இந்தப் பாலத்துல கூட்டிட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு" என்றார் சுக்கூர். "குதிரைக்கே உங்க ஞாபகம்."

வீரராகவன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேதவதிதான் கேட்டாள். "உங்களுக்கு இப்ப சவாரி எப்படி?"

"ஏங்கம்மா கேக்கறீங்க? ஆபீஸ் எல்லாம் மூடினா ஆபீசருங்க எங்க போவாங்க, நான் எங்க போவேன்? முன்னால எட்டுச் சவாரி, இப்ப மூணு. எங்க வீட்ல கமர் ஜஹான் தையல் மிஷின்ல உக்காந்துட்டாங்க. மொதல்ல எனக்கு ரோஷமாத்தான் இருந்திச்சு. அப்புறம் பாத்தா, தெருவுல பாதிப் பேர் சட்டை அவங்க தச்சது. இப்ப யாராவது நல்ல சட்டை போட்டு வண்டியில ஏறினா, எங்க வீட்டுத் தையலான்னு நானே காலரைப் பிடிச்சுப் பாக்கறேன்!"

வேதவதி சிரித்துவிட்டாள். வீரராகவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காது இங்கேதான் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அதுகூடவா தெரியாது?

---

ஆபீசின் பின்கட்டில் ஒரு நீள ஹால். அதை ஒட்டிச் சின்னத் தாழ்வாரம். தாழ்வாரத்தில் வேதவதி அடுப்பை வைத்து எல்லாவற்றையும் சுட வைத்தாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் ஹால் தெரியும்.

பன்னிரண்டு அடித்ததும் குமாஸ்தாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசை. நல்ல பசி முகங்கள். மானேஜர் இருதயநாதனும் வந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த, அமைதியான மனிதர். கோட்டும் தலைப்பாகையுமாகக் கரண்டியோடு நின்ற வீரராகவனைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்.

"வணக்கம் சார்" என்றார்.

வீரராகவன் தலையை அசைத்தார். இருதயநாதன் முதல் வரிசைக் கோடியில் தம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

திருக்கண்ணமுது என்கிற பாயசம் ஒரு கரண்டி, கறமது என்கிற வாழைக்காய்ப் பொரியல், சாதம், பருப்பு, நெய். கோட்டுக்காரர் குனிந்து குனிந்து பரிமாறினார். கோட்டின் நுனி இரண்டு இலையைத் தொட்டுவிட்டது. யாரோ சின்னப் பையன் மாதிரி ஒரு குமாஸ்தா களுக்கென்று சிரித்தான். வேதவதிக்கு உடம்பு கூசியது.

பிறகு குழம்பு. முதல் நாலு இலைக்கு ஊற்றினார். கண்ணாடி போட்ட ஒரு வயதான குமாஸ்தா பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். போட்டவர் மெல்லவில்லை, விழுங்கவுமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் அகல விரிந்தன. பக்கத்து இலைக்காரர் "உவ்" என்று தண்ணீரை எடுத்தார்.

"என்ன சார், கடலுக்குள்ள சமைச்சு எடுத்துட்டு வந்தீங்களா?" என்று ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு.

வேதவதி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பகவானே! உப்பு இரட்டைக்கு இரட்டை. எப்படி? ஒரு தரம்தானே போட்டோம்? பதற்றத்தில் இரண்டு தரம் போட்டுவிட்டோமா? இல்லை... கூடத்துத் தூண் ஞாபகம் வந்தது. 'சீ, பூமா அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை' என்று ஒரு மனது. 'செய்ய மாட்டாள் என்று எப்படித் தெரியும்?' என்று இன்னொரு மனது.

வீரராகவன் தாழ்வாரத்துக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "கிளம்பு. பாத்திரத்தை எடு. மானம் போயாச்சு."

"இருங்கோ."

"என்ன இருக்கறது? அவன் பாத்துண்டு உக்காந்திருக்கான் வேதா. இதைப் பாக்கத்தான் கூப்பிட்டிருக்கான்."

"பத்து நிமிஷம் இருங்கோன்னா."

அவள் மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. நெய்யோடு பரிமாறுகிற பருப்புக்கு அந்த வீட்டில் உப்புப் போடுவதில்லை. அந்த உப்பில்லாத பருப்பு இன்னும் முக்கால் பாத்திரம் இருக்கிறது. குடத்தில் தண்ணீர் இருக்கிறது. அடுப்பில் கனல் இருக்கிறது. அண்டாக் குழம்பில் பாதியை இன்னொரு பாத்திரத்தில் மாற்றி, அதில் பருப்பைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்தால் போதும். இருபத்திரண்டு இலைக்குக் காணும். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் ஹாலில் இருப்பவர்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமே?

"நீங்க போய் அவாகிட்டச் சொல்லுங்கோ."

"என்னன்னு?"

"நடந்ததைத்தான்."

வீரராகவன் நின்ற இடத்திலேயே நின்றார். வேதவதி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். சாற்றமுதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து ஹாலுக்குள் போய் நின்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து இத்தனை அன்னிய ஆண்களுக்கு முன்னால் வாய் திறந்ததில்லை.

"எல்லாரும் மன்னிக்கணும். குழம்புல உப்பு ரெண்டு மடங்காப் போயிடுத்து. எங்காத்துல பெருமாளுக்கு ஆகறதுக்கு முன்னால யாரும் வாயில விட்டுப் பாக்கறதில்லே. அதனால தெரியலே. தப்பு என்னோடது. அதைச் சரி பண்ணிண்டிருக்கேன், பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சாத்தமுது சாப்பிடுங்கோ. அதான், நீங்கள்லாம் ரசம்னு சொல்லுவேளே, அது. அது சரியா இருக்கு. இப்பதான் பாத்துட்டு வரேன்."

சிரித்த குமாஸ்தா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "கொண்டாங்கம்மா. பசி உயிர் போறது."

வேதவதி திரும்பினாள். தாழ்வாரத்தில் வீரராகவன் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றினார். இரண்டையும் ஒரு ஆணியில் மாட்டினார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாற்றமுதுப் பாத்திரத்தைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுவதற்கு அங்கே நேரமில்லை.

அதன் பிறகு பரிமாறினது வேறே வீரராகவன். கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் பரிமாறுகிற மாதிரி, "இன்னும் கொஞ்சம்? கறமது வேணுமா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். இருதயநாதன் இலைக்கு முன்னால் வந்ததும் மட்டும் கரண்டி ஒரு கணம் நின்றது. அப்புறம் நிதானமாக ஊற்றினார். குனிந்தபடியே என்னவோ சொன்னார். இருதயநாதன் நிமிர்ந்து பார்த்தார். என்ன சொன்னார் என்பது வேதவதிக்குக் கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் குழம்பு வந்தது. இந்தத் தடவை அவள் ருசி பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். கண்ணாடிக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மூன்று பேர் மட்டும் குழம்பு வேண்டாம் என்று கையால் இலையை மறைத்துக்கொண்டார்கள்.

பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது இருதயநாதன் வாசலுக்கு வந்தார். "இது என் ஒருத்தன் முடிவு இல்லீங்க. சாப்பிட்டவங்களைக் கேக்கணும். சாயங்காலம் சுக்கூர்கிட்ட எழுதி அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

---

வீடு திரும்பினால் வாசலில் கூண்டு வண்டி ஒன்று மாடு அவிழ்த்து நின்றது. கூடத்தில் பராசரன் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா! வெள்ளிக்கிழமைன்னா எழுதியிருந்தே?"

"வெள்ளிக்கிழமை வீட்டு விளக்கை வெளியில எடுக்கப்படாதுன்னு உன் மன்னி ஒரே பிடிவாதம். அதான் இன்னிக்கே வந்தேன். நாளைக்குக் காலம்பரக் கிளம்பிடலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பூமா சொன்னா. ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டு போனியாமே? ஏன் வேதா? நான் செத்தா போயிட்டேன்?"

வேதவதி அண்ணாவைப் பார்த்தாள். இளைத்திருந்தார். வாசலில் நின்ற மாடுகள் அவருடைய மாடுகள் இல்லை. அவருடைய ஜோடி வெள்ளைக் காளைகளை அவள் நன்றாக அறிவாள்.

"காளை எங்கே அண்ணா?"

"வித்துட்டேன்" என்றார் பராசரன், பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி. "நெல்லைக் கேப்பாரில்லே. என்ன பண்றது? வண்டி இரவல். அதனால என்ன? மூணு பேருக்குக் கஞ்சி ஊத்த முடியாதா எனக்கு?"

இந்த நிலைமையிலும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு வீம்பும் வந்தது. இவர் தலையில் போய் நாம் மூன்று பேர் ஏறுவதா? சமையல் தெரிந்த கை இருக்கும்போதா?

"பதில் வரட்டும் அண்ணா. சாயங்காலம் தெரியும்."

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பூமா அக்கா பின்னாலேயே வந்தாள். தயங்கித் தயங்கி நின்றாள். கடைசியில் கேட்டாள்.

"வேதா... குழம்பு உப்பு சரியா இருந்துதா?"

வேதவதி திரும்பிப் பார்த்தாள்.

"இல்லே... நீ கிணத்தடிக்குப் போனியே, அப்ப எட்டிப் பார்த்தேன். நோக்கு நாலு பேருக்குப் பண்ணித்தான் பழக்கம். பதட்டத்துல உப்பு மறந்திருப்பியோன்னு பயம். வாயில விட்டுப் பாக்கவும் முடியாது. வாசனையில உப்பு தெரியலேன்னு தோணித்து. அதான், நானே அளந்து ஒரு கை போட்டேன். உன்கிட்டச் சொல்லத்தான் வெக்கமா இருந்தது. கரண்டி பிடிக்க மாட்டேன்னு அத்தனை பேசினேனே."

வேதவதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹாலில் இருபத்திரண்டு பேர் சிரித்தது, தூணைச் சந்தேகப்பட்டது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சந்தேகப்பட்டதற்காகத்தான் அதிகமாக வெட்கப்பட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பூமா அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! என்னாலயா? கெடுத்துட்டேனே வேதா! குழந்தையோட படிப்பையே கெடுத்துட்டேனே!"

"கெடுக்கலே அக்கா. நீங்க வந்து அடுப்புப் பக்கம் நின்னேளே, அதுவே எனக்குப் போறும்." ஈரக் கையாலேயே நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு மாத்திரம். நாளைக்கு அடுப்பு மூட்டற பாக்கியம் இருந்தா, உப்பு உங்க பொறுப்பு. நான் தொடவே மாட்டேன்."

பூமா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலேயே அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

---

விளக்கேற்றுகிற வேளைக்குச் சுக்கூர் வந்தார். உறையை வீரராகவனிடம் கொடுத்தார். அவர் வாங்கி, பிரிக்காமல், வைஜயந்தியிடம் நீட்டினார். "நீயே படிம்மா. என் கண்ணாடி எங்கேயோ இருக்கு." கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

வைஜயந்தி ஆங்கிலத்தில் ஒரு முறை மனதுக்குள் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"இருபத்திரண்டு பேர்ல பத்தொன்பது பேர் சரின்னு சொல்லிட்டாளாம். மூணு பேர் மட்டும் யோசிக்கறாளாம். நாளையிலேர்ந்தே கொண்டு வரச் சொல்லியிருக்கார். தப்பை மறைக்காம ஹால்ல வந்து சொன்ன அந்த அம்மா கையால சாப்பிடறதுல தங்களுக்குச் சந்தோஷம்னு அந்தப் பத்தொன்பது பேருமாச் சேர்ந்து எழுதச் சொன்னாளாம்... அம்மா!"

அவ்வளவுதான், பெண் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பூமா அக்கா கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். பராசரன் விசிறியை நிறுத்திவிட்டுத் தங்கையைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வேதவதிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று மாதமாகச் சுமந்த பாறாங்கல் ஒன்றை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் வைஜயந்தி. குரல் இறங்கிவிட்டது. "நாளைக்குப் பதினோரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால, மிஸ்டர் வீரராகவன் தனியா மானேஜர் அறைக்கு வரணுமாம். எதுக்குன்னு எழுதலே."



"போகாதேங்கோ மாப்பிள்ளை" என்றார் பராசரன். "பழசை மனசுல வச்சிண்டு கூப்பிடறான். பரிமாறறதுக்கு வேறே ஆள் வச்சுக்கலாம்."

வேதவதி கணவரைப் பார்த்தாள். 'அந்த இலைக்கு முன்னால் குனிந்து என்ன சொன்னேள்?' என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வீரராகவன் கடிதத்தை வாங்கி மடித்தார். சுவரில் சாய்ந்தே பழகிப்போன மனிதர், இப்போது நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றார்.

"அன்னிக்கு நான் அவரை நாலு பேர் நடுவுல நாற்காலி மேல நிக்க வச்சேன். நாளைக்கு அவர் என்னை நிக்க வச்சா நின்னுட்டு வரேன். நியாயந்தானே? ஆனா பன்னெண்டு மணிக்கு இலை போட்டாகணும். அதுக்குள்ள இறக்கி விட்டுடச் சொல்லிக் கேட்டுக்கறேன்!"

முதலில் சிரித்தது வேதவதிதான். மூன்று மாதத்துக்குப் பிறகு வாய் விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வீரராகவன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தமாஷாகச் சொல்லவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நானும் வரேன்" என்றாள். "வெளியில உக்காந்திருக்கேன்."